குண்டு விழுந்த மலையில் ஒரு பிடி அஸ்தி

அந்த விமானத்தில் விமானி நெருக்கி உட்காரத்தான் இடம் இருந்தது. அதற்குள் ஒரு வாளையும் வைத்திருந்தார் ஜப்பானியக் கடற்படை விமானி நோபுவோ ஃபுஜிட்டா. சுமார் 400 ஆண்டுகளாக அவர்கள் குடும்பத்தில் கைமாறிக் கைமாறி வந்த சாமுராய் வாள் அது. பறக்கப் போகும்போதெல்லாம் அதைக் கூடவே எடுத்துப் போவார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942 செப்டம்பர் 9 அதிகாலையில், அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்த ஐ-25 என்ற நீர்மூழ்கியின் மேல்தளத்திலிருந்து அவர் கிளம்பியபோதும் அது கூட இருந்தது. பின் இருக்கையில் ஒகுடா ஷோஜி. இறக்கைகளுக்கு அடியில் இரண்டு எரிகுண்டுகள்.

இன்று அந்த வாள் ஃபுஜிட்டா வீட்டில் இல்லை. அவர் குண்டு போட்ட ஊரின் பொது நூலகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

போர் விமானிகள் தங்கள் வீட்டாருக்கு எதை விட்டுப் போகிறார்கள் என்று யோசித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த நிகழ்வுதான். விமானி ஊர்களை மேலேயிருந்து பார்த்தவர். குண்டை விடுவிப்பார், புகையைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். கீழே என்ன ஆனது என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. அதனால் வீட்டில் அவர் சொல்லும் கதை எப்போதும் பாதிக் கதையாகவே இருக்கும். சில வீடுகளில் அது வீரக்கதையாகிறது, பல வீடுகளில் அவர் வாயே திறப்பதில்லை. ஃபுஜிட்டா மனைவியையும் மகனையும் குண்டு விழுந்த ஊருக்கே கூட்டிப்போனார். கீழே இருந்தவர்களிடம் இருந்த மறுபாதிக் கதை அப்படித்தான் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. இதில் எவ்வளவு தற்செயல், எவ்வளவு அந்த மனிதரின் உழைப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

காட்டைக் கொளுத்தும் திட்டம்

1942 ஏப்ரல் 18 அன்று டூலிட்டில் என்ற அமெரிக்க அதிகாரியின் தலைமையில் 16 அமெரிக்க விமானங்கள் ஒரு விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிப் போய் டோக்கியோ முதலான நகரங்களில் குண்டு போட்டன. சேதம் அதிகமில்லை. ஆனால் பேரரசர் இருக்கும் ஊரின் மேலேயே எதிரி வந்துவிட்டான் என்பதை ஜப்பானியக் கடற்படையால் தாங்க முடியவில்லை. பதிலுக்கு அமெரிக்க மண்ணில் எதையாவது செய்தாக வேண்டும்.

ஃபுஜிட்டா அந்த வேலைக்குப் பொருத்தமான ஆள். 1911-ல் பிறந்தவர், அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இதே ஐ-25-லிருந்து கிளம்பி சிட்னி, மெல்போர்ன், ஹோபார்ட், வெலிங்டன், ஆக்லாந்து, ஃபிஜியின் சுவா எனத் துறைமுகம் துறைமுகமாக வேவு பார்த்துத் திரும்பியிருந்தார். டோக்கியோவில் கடற்படைத் தலைமையகத்துக்குக் கூப்பிட்டு, அமெரிக்காவில் குண்டு போடப் போகிறாய் என்று சொன்னபோது லாஸ் ஏஞ்சல்ஸோ சான் பிரான்சிஸ்கோவோ என்றுதான் எதிர்பார்த்தாராம். அவர்கள் காட்டைக் காட்டினார்கள். மேற்குக் கரை மாநிலமான ஓரிகனின் மலைக்காடுகளில் தீப்பிடித்தால் வாரக்கணக்கில் எரியும், ஊர் ஊராகப் பீதி பரவும் என்று விளக்கினார்களாம். அவருக்கு அதில் ஏமாற்றம்தான். இதையெல்லாம் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

அவருடைய விமானம் போர் விமானம் என்றால் நாம் நினைக்கும் மாதிரி இருக்காது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். சக்கரங்களுக்குப் பதில் கீழே இரண்டு மிதவைகள். இறக்கை, வால், மிதவை எல்லாவற்றையும் கழற்றியும் மடக்கியும், நீர்மூழ்கியின் மேல்தளத்தில் தண்ணீர் புகாத ஓர் உருளைக் கூண்டுக்குள் வைத்திருப்பார்கள். நீர்மூழ்கி மேலே வந்ததும் ஆட்கள் ஓடிவந்து கூண்டைத் திறந்து, ஒவ்வொன்றாக மாட்டி முடுக்கி, அழுத்தக் காற்றால் இயங்கும் உந்துதளத்தில் நிறுத்துவார்கள். அங்கிருந்து அது காற்றில் பாயும். திரும்பி வரும்போது நீர்மூழ்கிக்குப் பக்கத்தில் கடலில் இறங்க வேண்டும். கிரேன் கயிற்றில் மாட்டித் தூக்கி, மறுபடி கழற்றி உள்ளே வைக்க வேண்டும். இத்தனையும் முடியும்வரை நீர்மூழ்கி கடல்மேல் எல்லார் கண்ணிலும் படும்படி கிடக்கும். ஒருவருடைய பறத்தலுக்காக நூறு பேர் உயிரைப் பணயம் வைத்துக் காத்திருக்கும் ஏற்பாடு அது.

இங்கே ஒரு விஷயம். அதே 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் 5-ஆம் தேதி கொழும்பிலும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. அடுத்து சென்னைதான் என்று பயந்து, பெட்டி படுக்கையோடு பட்டணத்தைக் காலி செய்துவிட்டு உட்பகுதி ஊர்களுக்குப் போனவர்கள் ஏராளம். நம் தாத்தா பாட்டிகளிடம் இருந்த நினைவு கீழேயிருந்து வானத்தைப் பார்த்தவர்களின் நினைவு. மேலே இருந்தவர் யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று யாரும் கேட்டதில்லை, கேட்க வழியும் இல்லை. நமக்கு மேல்பாதி கிடைக்கவில்லை என்பதால்தான் ஃபுஜிட்டாவின் கதை எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

அந்தக் காலை

கரையைத் தாண்டி உள்ளே போய், புரூக்கிங்ஸ் என்ற சிற்றூருக்குக் கிழக்கே எமிலி மலையை ஒட்டிய வீலர் மேட்டில் முதல் குண்டைப் போட்டார். சற்றுத் தள்ளி இரண்டாவது. ஒவ்வொன்றும் சுமார் 76 கிலோ. வெடித்ததும் நூற்றுக்கணக்கான எரிதுண்டுகளாகச் சிதறி, விழுந்த இடமெல்லாம் பற்றிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. மேலேயிருந்து பார்த்தபோது வெளிச்சமும் புகையும் தெரிந்தன. வேலை முடிந்தது என்று எண்ணித் திரும்பினார்.

கீழே வேறு கதை. எமிலி மலையின் காவல் கோபுரத்தில் இருந்த வனத்துறை ஊழியர் ஒருவர் பழைய ஃபோர்டு கார் திக்கித் திணறுவது மாதிரி ஒரு சத்தத்தைக் கேட்டார். மூடுபனிக்கிடையே சிறிய விமானம் ஒன்றையும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் புகை தெரிந்தது. அவரும் இன்னொரு காவல் கோபுரத்தில் இருந்தவரும் காட்டுக்குள் நடந்து போய்ப் பார்த்தால், அங்கங்கே சின்னச் சின்னதாகக் கனன்றுகொண்டிருந்தது. முன்பே பெய்த மழையால் காடு ஈரமாக இருந்தது. ஆட்களே அணைத்துவிடும் அளவுதான் தீ. அணைத்த பிறகு மண்ணைக் கிளறியதில் ஜப்பானிய எழுத்துப் பொறித்த உலோகத் துண்டுகள் கிடைத்தன. மின்னல் தாக்கிய தீ இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது குண்டு விழுந்த இடம் கண்டுபிடிக்கப்படவே இல்லை.

செப்டம்பர் 29 இரவில் மறுபடி ஒருமுறை பறந்து இன்னும் இரண்டு குண்டுகளைப் போட்டார். அதிலும் ஒன்றும் ஆகவில்லை. இருட்டில் நீர்மூழ்கியைத் தேடி அலைந்து, கடலில் படர்ந்திருந்த எண்ணெய்த் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார். எதிரி விமானம் அமெரிக்காவின் பிரதான நிலப்பரப்பில் குண்டு போட்டது அந்தப் போர் முழுவதிலும் இந்த இரண்டு முறைதான்.

இனி சொல்வதுதான் எனக்குக் கனமாக இருக்கிறது. பின் இருக்கையில் இருந்த ஒகுடா போர் முடியும் முன்பே போரில் இறந்துபோனார். ஐ-25 நீர்மூழ்கி 1943-ல் மூழ்கடிக்கப்பட்டது, அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. இறக்கையை மாட்டி முடுக்கிய கைகளில் எத்தனை அதோடு போயினவோ. அவர்கள் வீடுகளுக்கு இந்தப் பறத்தலைப் பற்றிச் சொல்ல யாருமில்லை. அதற்கு முன்பே வேறு பணிக்கு மாறியிருந்த ஃபுஜிட்டா போரின் கடைசிக் காலத்தில் கமிகாசே விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். மோதிச் சாவதற்கென்றே அனுப்பப்பட்ட இளைஞர்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் போயிருக்கும், அவ்வளவுதான். ஃபுஜிட்டாவின் நினைவு மட்டும் பிழைத்து ஒரு குடும்பத்துக்குள் வந்தது என்றால், சுற்றிலும் இத்தனை நினைவுகள் அழிந்த பிறகு மிஞ்சிய ஒன்று அது.

1962: வாளோடு ஒரு பயணம்

போருக்குப் பின் அவர் சுச்சியுரா ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்துப் பிழைத்தார். ஆணி, திருகு, பூட்டு என்று அன்றாட வியாபாரம். குண்டு போட்டு இருபது ஆண்டு கழித்து, 1962-ல், புரூக்கிங்ஸ் இளைஞர் சங்கம் ஒன்றிடமிருந்து அழைப்பு வந்தது: எங்கள் ஊர் அசேலியாப் பூத்திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வாருங்கள்.

ஊரில் எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. பசிபிக் போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்கள், பிள்ளையையோ கூடப்பிறந்தவரையோ பறிகொடுத்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். எதிர்ப்பு பகிரங்கமாகவே வந்தது. அவர்கள் கோபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அதுவும் நியாயமான நினைவுதான். ஜப்பான் தரப்பிலும் தயக்கம் இருந்தது. போர்க் குற்றவாளி என்று பிடித்து விசாரிக்க மாட்டார்கள் என உறுதி கிடைத்த பிறகுதான் ஃபுஜிட்டா கிளம்பினார்.

கிளம்பும்போது வாளை எடுத்துக்கொண்டார். பரிசாகக் கொடுக்கத்தான் என்று ஊர் நினைத்தது. அவர் மனதில் இன்னொன்றும் இருந்தது என்பதைப் பின்னாளில் அவருடைய மகள்தான் சொன்னார். அங்கே இருப்பவர்கள் இன்னும் கோபத்தோடு இருக்கலாம், முட்டையை வீசி அடிக்கலாம் என்று அப்பா நினைத்தாராம். அப்படி நடந்தால், ஒரு ஜப்பானியனாகத் தான் செய்ததற்குப் பொறுப்பேற்று, அந்த வாளாலேயே வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிரை விடுவது என்று முடிவு செய்திருந்தாராம். கூடவே மனைவியும் மகனும் வருகிறார்கள். பெட்டிக்குள் அந்த வாள் இருக்கிறது. இதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயணத்தின் ஒவ்வொரு மணி நேரமும் கண்முன் வரும். அவர் எப்படிச் சாப்பிட்டிருப்பார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் என்ன பேசியிருப்பார்?

வாளுக்கு வேலை வரவில்லை. ஊர் அவரை விருந்தாளியாக வரவேற்றது. ஒரு சிறு விமானத்தில் ஏற்றி, அவர் குண்டு போட்ட மலைக்கு மேலேயே மறுபடி பறக்க வைத்தார்கள். அப்புறம் அந்த வாளை ஊருக்குக் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். குடும்ப வாள் என்பது முறைப்படி மகனுக்குப் போக வேண்டியது. அந்த மகன் பக்கத்திலேயே இருக்கிறான். 400 ஆண்டு வரிசையை அங்கேயே நிறுத்திவிட்டு, தன்னால் பயந்த ஓர் ஊரின் கையில் அதைக் கொடுக்கிறார். மகனுக்கு இழப்புதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வாள் வீட்டிலேயே இருந்திருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கதை, ‘அப்பா இதை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் குண்டு போட்டார்’ என்பதாகத்தான் இருந்திருக்கும். கொடுத்த பிறகு, அந்தக் கதையைக் கேட்க வேண்டுமென்றால் அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புரூக்கிங்ஸுக்குப் போயாக வேண்டும். அங்கே தீயை அணைத்தவர்களின் ஊர்க்காரர்களிடமிருந்து கேட்க வேண்டும்.

அதன்பிறகு வந்த ஆண்டுகள்

ஒரு பூத்திருவிழாவோடு இது முடிந்திருந்தால் வெறும் நல்லெண்ணச் சடங்கு என்று தள்ளிவிடலாம். பதிலுக்குப் புரூக்கிங்ஸ் பிள்ளைகளை ஜப்பானுக்கு அழைக்கிறேன் என்று ஃபுஜிட்டா வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் இடையில் தொழில் நொடித்துவிட்டது. வயதான காலத்தில் இன்னொருவரிடம் வேலைக்குப் போய், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 1985-ல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மூவரைத் தன் செலவில் ஜப்பானுக்கு வரவழைத்தார். வாக்குக் கொடுத்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதிபர் ரேகனின் வெள்ளை மாளிகையிலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

1990, 1992, 1995 என்று அவரும் திரும்பத் திரும்ப வந்தார். நூலகத்தில் பிள்ளைகள் மற்ற நாடுகளைப் பற்றிப் படிக்கப் புத்தகம் வாங்கப் பணம் கொடுத்தார். குண்டு விழுந்து 50 ஆண்டு நிறைந்த 1992-ல், எண்பது வயதுக்கு மேல், அந்த மலைக்காட்டுக்குப் போய் விழுந்த இடத்திலேயே ரெட்வுட் மரக்கன்று ஒன்றை நட்டார். ஆயிரம் ஆண்டுக்கு மேலும் நிற்கக்கூடிய மர வகை அது. எரிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட காட்டில், மண்ணைத் தள்ளிக் கன்றை நிறுத்தும் அந்தக் கைகளைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

சரி, இது எல்லாப் போர் விமானிகளுக்கும் சாத்தியமா? இல்லை. அதை ஒளிக்கக் கூடாது. ஃபுஜிட்டா போட்ட குண்டுகளில் யாரும் சாகவில்லை. காடு காய்ந்திருந்தால், காற்று வீசியிருந்தால், 1962-ல் அப்படி ஓர் அழைப்பே போயிருக்காது. அதே ஓரிகன் மாநிலத்தில் பிளை என்ற ஊருக்குப் பக்கத்தில், 1945 மே 5 அன்று, ஜப்பான் காற்றில் பறக்கவிட்ட பலூன் குண்டு ஒன்று காட்டில் கிடந்து வெடித்ததில் சிற்றுலா போன ஆறு பேர் செத்தார்கள். ஒருவர் கர்ப்பிணி, மற்ற ஐவரும் சிறுவர் சிறுமியர். அந்த பலூன்களின் காகிதத்தை ஒட்டும் வேலையைப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளை வைத்துத்தான் செய்தார்கள். பல ஆண்டு கழித்து, தாங்கள் ஒட்டியது எங்கே போய் என்ன செய்தது என்று தெரிந்துகொண்ட அந்தப் பெண்களில் சிலர், 1980-களில், ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்து பிளை ஊரில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். உயிர்கள் போன இடத்தில் வாளையும் விழாவையும் கொண்டு போக முடியாது. ஆனாலும் மறுபாதிக் கதையைத் தேடி ஓர் அடி எடுத்துவைக்க முடிந்திருக்கிறது.

இன்னொரு விமானியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸ் தன் தாயின் பெயரான இனோலா கே என்பதை அந்த விமானத்தின் மூக்கில் எழுத வைத்தார். செய்ததற்காக வருந்தவில்லை என்று கடைசிவரை சொன்னார். அவருடைய பேரனும் குண்டுவீச்சு விமானியாகி, தாத்தா தலைமை தாங்கிய 509-ஆம் படைப்பிரிவின் வழிவந்த பிரிவுக்கே பின்னாளில் தலைவரானார். 2007-ல் டிபெட்ஸ் இறந்தபோது, தனக்கு இறுதிச் சடங்கும் வேண்டாம், கல்லறைக் கல்லும் வேண்டாம், எதிர்ப்பாளர்கள் கூடும் இடமாக அது ஆகிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார். இங்கிலாந்துக் கால்வாயில் அஸ்தியைக் கரைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் சுமந்த எடையையும் ஃபுஜிட்டாவின் இரண்டு எரிகுண்டுகளையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் டிபெட்ஸ் வீட்டாருக்குப் போய் ஒரு பூ வைக்கக்கூட இடமில்லாமல் போய்விட்டது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெற்ற தாயின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும், மகனுக்கு ஒரு கல் கிடையாது.

ஃபுஜிட்டா 1997 செப்டம்பர் 30 அன்று, 85 வயதில், புற்றுநோயால் இறந்தார். புரூக்கிங்ஸ் நகர மன்றம் அதற்குச் சில நாள் முன்புதான் அவரைத் தங்கள் ஊரின் கௌரவக் குடிமகனாக அறிவித்திருந்தது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் அவருடைய மகள் அப்பாவின் அஸ்தியில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு பசிபிக்கைக் கடந்து வந்தார். வாள் இருந்த ஊரைத் தாண்டி மலைக்குப் போய், 1942-ல் வனத்துறைக்காரர்கள் தீயை அணைத்த இடத்தில், மண்ணைத் தோண்டி அதைப் புதைத்தார். அப்பா நட்ட கன்றுக்கு அப்போது ஆறு வயது.